இருபத்தாறு எம்.பி. காலி

ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில், பற்களைக் கேமராவால் சோதிக்கும் இயந்திரம் அந்த மாதம் மூன்று முறை திரை இருண்டு நின்றது. மூன்று முறையும் அதில் இருந்தவள் ஒப்பந்தத் தொழிலாளி வீரலட்சுமி. இன்னொரு முறை நின்றால் அவளை அனுப்பிவிடுவதென்று சூப்பர்வைசர் நல்லுசாமி கடிதமே தயாராக வைத்திருந்தார்.

இயந்திரத்தைக் கொடுத்த நிறுவனத்திலிருந்து மாதவன் வந்தான். அதன் கணினியில், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருந்துகொண்டு, திரையில் படம் காட்டும் அட்டையை நடத்தும் டிரைவர் என்ற நிரல் அவன் எழுதியது. அட்டையின் நினைவகம் முப்பத்திரண்டு எம்.பி.; திரைக்குப் போக மீதி இருபத்தாறு. சோதனை மென்பொருள் தொடங்கும்போது எவ்வளவு காலி என்று டிரைவரைக் கேட்கும். சொன்னதை முழுக்கக் கியர் படங்களுக்கு எடுத்துக்கொள்ளும்.

"மத்தவங்க ஓட்டுனா சாதுவா ஓடுது சார். இந்தம்மா தொட்டா படுத்துக்குது" என்றார் நல்லுசாமி.

"டீ மிசினு ஒரு மாசமா படுத்திருக்குதே, அத நான் தொட்டேனுங்களா?" என்றாள் வீரலட்சுமி. சொல்லிக்கொண்டே சோதனையைத் தொடங்கி, கியரின் வரைபடத்தைத் திறந்தாள்.

திரை இருண்டது. நல்லுசாமி கடிதத்தை எடுக்கக் கிளம்பினார்.

"இருங்க சார். அக்கா, நான் பாத்தவரைக்கும் மத்தவங்க வரைபடத்த முதல்ல தொறந்துட்டுத்தான் ஓட்றாங்க. நீங்க ஏன் அப்பறமா தொறக்கறீங்க?"

"கெலமங்கலம் பஸ்ஸு இன்னிக்கும் லேட்டுங்க. வந்து பாத்தா ட்ரே மேல ட்ரே. ஓட உட்டுட்டுத்தான் படத்தத் தொறப்பேன். பஸ்ஸு நேரத்துக்கு வந்தா நானும் அவங்களாட்டந்தான்."

மாதவனுக்குப் பிடிபட்டது. வரைபடத்துக்கு ஆறு எம்.பி. வேண்டும். அது முன்பே திறந்திருந்தால் டிரைவர் இருபது என்று சொல்லும். திறக்காதபோது இருபத்தாறு என்றது. அந்த நேரத்துக்கு அது உண்மைதான். மென்பொருள் அத்தனையையும் எடுத்துக்கொள்ள, பின்னால் வந்த வரைபடத்துக்கு இடமில்லை.

"அப்ப அந்தம்மா முறை மாத்திச் செஞ்சதுதானே தப்பு? அறிக்கையில அப்படியே எழுதிடுங்க" என்றார் நல்லுசாமி. இயந்திரத்தின் பிழை என்று எழுதினால் ஒரு மாத வெள்ளோட்டம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று மாதவனின் முதலாளியும் காலையில் போனில் எச்சரித்திருந்தார்.

மாதவன் கையேட்டைப் புரட்டினான். எதை முதலில் திறப்பது என்று அதில் ஒரு வரியும் இல்லை. லேப்டாப்பைத் திறந்து, ஆறு எம்.பி.யை எப்போதும் ஒதுக்கிவைத்துவிட்டு மீதியை மட்டும் சொல்லும்படி டிரைவரை மாற்றினான்.

"இப்ப ஓட்டுங்கக்கா. உங்க முறையிலயே."

ஓட்டினாள். வரைபடத்தைத் திறந்தாள். திரை இருளவில்லை.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில், 'டிரைவர் காலி இடத்தை ஆறு எம்.பி. கூடுதலாகச் சொன்னது' என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

நல்லுசாமி அதை இரண்டு முறை படித்தார். "ஆறுக்கா இவ்வளவு கூத்து?"

"பஸ்ஸையும் ஒரு வரி எழுதிடுங்க சார்" என்றபடி வீரலட்சுமி அடுத்த ட்ரேயை இழுத்தாள்.