கார்வை இல்லாத தட்டு

"கார்பிஸ் அண்ணனை மாத்தப் போறேன்" என்று ஒக்தாய் சொன்னபோது நான் டிரம்ஸின் ஸ்டாண்டுகளை மடக்கிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த இரும்புக் காலை அவன் தலையில் போட்டிருக்கலாம். கிளப் அவனுடையது என்பதால் பையில் போட்டேன்.

காடிக்கோய் மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கிளப்பில் ஞாயிறுதோறும் பிற்பகலில் நாங்கள் மூன்று பேர் வாசிக்கிறோம். பியானோவில் கார்பிஸ் அண்ணன், பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியத்தில் தைஃபுன், டிரம்ஸில் மெலிகே என்கிற நான். ஜனம் வருவது பியானோவுக்காக. அதில் எனக்கும் தைஃபுனுக்கும் ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அண்ணனின் விரல் மூட்டுகள் வீங்கி, போன குளிர்காலத்தோடு அவர் வாசிப்பில் சத்தம் இறங்கிவிட்டது. சத்தம்தான் இறங்கியது. எந்த சுரத்தைத் தொட வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்கிற விவேகம் இப்போதுதான் அவருக்கு முழுசாகக் கூடி வந்திருக்கிறது. அது மூன்றாவது மேஜைக்கு அப்பால் யாருக்கும் கேட்கவில்லை என்பதுதான் கொடுமை.

"நீயே சொல்லுக்கா" என்றான் ஒக்தாய். "பின்னாடி உக்காந்தா உன் சிம்பல் மட்டும்தான் கேக்குது. போன வாரம் ஒருத்தர் என்கிட்ட வந்து, பியானோக்காரர் இன்னிக்கு லீவான்னு கேக்குறாரு. அவர் அங்க உக்காந்து வாசிச்சிட்டிருக்காரு!"

"மைக் வை."

"வெச்சேனே. எடுத்துத் தரையில வெச்சிட்டாரு. பியானோவுக்கு வாய் இருக்கு, இன்னொரு வாய் எதுக்குங்கிறாரு. அடுத்த மாசத்துலேருந்து ஒரு சின்னப் பையன் வரான். நல்லா அடிச்சு வாசிக்கிறான்."

"தப்பு என் சிம்பல்ல இருந்தா சிம்பலை மாத்துறேன். மனுஷனை ஏன்டா மாத்துற? இந்த மாசம் கடைசி ஞாயிறு வரைக்கும் விடு. அதுவரைக்கும் அண்ணன் காதுக்கு இது போச்சுன்னா, தினம் காலைல உன் வீட்டு வாசல்ல வந்து டிரம்ஸ் வாசிப்பேன். சொல்லிட்டேன்."

நான் செய்யக்கூடியவள் என்று அவனுக்குத் தெரியும். சரி என்றான்.

எங்கள் ஊரில் சமைத்தவரையும் தைத்தவரையும் வாசித்தவரையும் பார்த்து "கைக்குச் சுகம்" என்று சொல்வது வழக்கம். இப்போதெல்லாம் முன்மேஜைக்காரர்கள் யாராவது அண்ணனிடம் அதைச் சொன்னால், கேலி செய்கிறார்களோ என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொள்கிறார்.

அடுத்த ஞாயிறு குச்சியை வைத்துவிட்டுக் கம்பித் தூரிகையால் வாசித்துப் பார்த்தேன். முதல் பாட்டு பாதியில் அண்ணன் நிறுத்திவிட்டார்.

"இங்க யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார், சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க. "நோயாளி எழுந்துடுவான்னு கால்விரல் நுனியில நடக்குற மாதிரி வாசிக்கிறியே. குச்சியை எடு."

எடுத்தேன். வேறென்ன செய்ய?

வலது கைப் பக்கம் நிற்கிற பெரிய சிம்பலை, அந்த வெண்கலத் தட்டை, ரைடு என்போம். பாட்டு தொடங்கி முடியும்வரை குச்சி அதன் மேல்தான் நடக்கும். அதன் நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு குமிழ் உண்டு. குமிழ் இருப்பதால் ஒவ்வோர் அடிக்கும் கார்வை நிற்கும். ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது ஏறும். பாட்டு பாதியைத் தாண்டுவதற்குள் அறை முழுக்க ஓசை வெள்ளமாகிவிடும். அண்ணனின் சன்னமான சுரங்கள் அதில்தான் முங்கிப்போயின. மெதுவாக அடித்தால் குச்சியின் சத்தம் போய்விடும், இரைச்சல் மட்டும் மிச்சம் இருக்கும்.

குமிழே இல்லாத, தட்டையான ரைடு ஒன்றும் உண்டு. எவ்வளவு நேரம் வாசித்தாலும் அது பொங்காது. குச்சி நுனி பட்ட சத்தம் தனித்தனியாக விழும், அடியில் லேசாக ஒரு சீறல் ஓடும், அவ்வளவுதான். டிரம்ஸ்காரர்களுக்கு அதன் மேல் எப்போதும் ஒரு கண். எனக்கும் இருந்தது. மெஷினில் அச்சுக் குத்தினாற்போல வருவதை வாங்கினால் கண்ணாடி உடைகிற சத்தம். எனக்குக் கையால் அடித்தது வேண்டும். கடலுக்கு அக்கரையில் இருக்கும் தொழிற்பேட்டையில் ரெஜாயி உஸ்தாவின் பட்டறைக்குப் போனேன். தொழிலில் கைதேர்ந்த ஆசானை எங்கள் ஊரில் உஸ்தா என்போம்.

உஸ்தா என் கையில் இருக்கும் எல்லாத் தட்டுகளையும் சம்மட்டியால் அடித்தெடுத்தவர். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"குமிழ் இல்லாத தட்டா?" என்றார். "தொப்புள் இல்லாத வயிறு கேக்குற தங்கச்சி."

"இல்லன்னா என்ன ஆகிடும்?"

"ஒண்ணும் ஆகாது. பாக்கத்தான் சகிக்காது."

அந்தப் பட்டறையில் ஒரு முறை உண்டு. தட்டு அடித்து, சீவி முடிந்ததும் அதை முளையில் மாட்டுவார்கள். எல்லாச் சம்மட்டிகளும் நிற்கும். உஸ்தா கம்பளி சுற்றிய கோலால் விளிம்பில் ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். கார்வை நின்று நின்று அடங்கும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது. நீளமாக நின்றால் முத்திரை குத்துவார். சட்டென்று அடங்கினால் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டுக் கழிவுத் தொட்டியில் எறிவார். அது துண்டாக வெட்டப்பட்டு மறுபடி உலைக்குப் போகும். அங்கே நல்ல தட்டு என்றால் மூச்சு நீளமான தட்டு, வேறு பேச்சே இல்லை.

எனக்கு முதலில் கொடுத்த தட்டையும் உஸ்தா அந்த நினைப்பிலேயே செய்திருந்தார். குமிழ் இல்லாத குறையை ஈடுகட்டுகிறேன் என்று சீவிச் சீவி மெல்லிசாக்கி, கார்வையை எங்கிருந்தோ இழுத்து வந்துவிட்டார். "கேளு, எப்படி நிக்குது பாரு!" என்று மார்தட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அது கிளப்புக்குள் கடலைக் கொண்டுவந்துவிட்டது. ஒக்தாய் பாரில் இருந்தபடி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கார்வையே வேண்டாம் என்றேன். உஸ்தாவுக்குக் கோபம். கோபத்தில் கனமாக ஒன்றை அடித்துக் கொடுத்தார். அதை வாசித்தபோது தைஃபுன் சிரிப்பை அடக்க முடியாமல் பாஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

"அக்கா, எங்கயோ பாத்திரம் கழுவுறாங்க."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். "கழுவி முடிச்சதும் சொல்லு, வாசிக்கலாம்."

இனி ஒரு ஞாயிறுதான் பாக்கி. விடுவதாக இல்லை. வாரத்தின் நடுவில் கப்பல் ஏறி அக்கரைக்குப் போனேன். பட்டறையில் நாலு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். காதில் வாய் வைத்துக் கத்தினால்தான் பேச்சு.

"முடியலம்மா" என்று கத்தினார் உஸ்தா. "நேத்து ஒண்ணு அடிச்சேன். கனமும் இல்ல, மெல்லிசும் இல்ல. முளைல மாட்டி ஒரு போடு போட்டேன், கண்ணை மூடறதுக்குள்ள அடங்கிடுச்சு. செத்த தட்டு. அதோ கெடக்கு."

கழிவுத் தொட்டியில் மேலாகவே கிடந்தது. மேலே பெரிய பெருக்கல் குறி. நடுத்துளையில் கட்டைவிரலைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். என் பையில் குச்சி எப்போதும் இருக்கும். ஓங்கி அடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறபடியே நுனியால் தட்டினேன்.

டிங், டிங்க-டிங், டிங்க-டிங்.

நாலு சம்மட்டிகளின் நடுவிலும் ஒவ்வொன்றும் எனக்குத் தனியாகக் கேட்டது. தொடர்ந்து தட்டினேன். ஓசை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூலையில் அடித்துக்கொண்டிருந்த யாஷார் சம்மட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"டீ வந்துடுச்சா?" என்று கேட்டான். "யாரு கரண்டி போட்டுக் கலக்குறது?"

அவ்வளவு இரைச்சலிலும் டீ கிளாஸில் கரண்டி படுகிற சத்தம் மாதிரி அவன் காதுக்குப் போயிருக்கிறது. எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

"இதுதான் உஸ்தா. இதைக் குடு."

"வெளையாடுறியா? அது குப்பை."

"எனக்குக் குப்பைதான் வேணும்."

"முத்திரை இல்லாம என் தட்டு எதுவும் வெளிய போனதில்ல. முத்திரை குத்துற யோக்கியதை இதுக்கு இல்ல. நாளைக்கு நாலு பேர் கேட்டா, ரெஜாயிக்குக் காது போயிடுச்சுன்னுதானே பேசுவாங்க? வை உள்ள."

உள்ளே வைத்தேன். வைத்துவிட்டுத் தொட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். உலைக்குப் போட வேண்டிய நேரம் வந்தது. யாஷார் பெரிய கத்தரியோடு வந்து நின்றான்.

"எழுந்திரு அக்கா. வெட்டணும்."

"என்னையும் சேத்து வெட்டிப் போடு."

யாஷார் உஸ்தாவைப் பார்த்தான். உஸ்தா கூரையைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பருப்பு சூப் வந்தது. எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். தொட்டி மேல் உட்கார்ந்தபடியே குடித்தேன். அப்புறம் உஸ்தாவிடம், கார்பிஸ் அண்ணன் விரலைப் பற்றியும், ஒக்தாய் சொன்னதைப் பற்றியும் முதல் தடவையாகச் சொன்னேன். அதுவரை சொல்லவில்லை. இரக்கப்பட்டு ஒரு தட்டு வேண்டாம், நல்ல தட்டு வேண்டும் என்கிற வீம்புதான்.

அவர் ரொம்ப நேரம் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வா" என்றேன். "கடைசி மேஜைல உக்காந்து கேளு. பிடிக்கலன்னா அங்கேயே உன் கையால வெட்டிடு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"வெட்டத்தான் போறேன்" என்றார். "தூக்கிட்டுப் போ."

சொன்னபடி வந்தார். கோட்டும் சூட்டும் போட்டு, தலையைப் படிய வாரி, கல்யாணத்துக்கு வந்தவர் போல. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பின்கோடி மேஜையில் அதைத் தொப்பென்று வைத்தார். உள்ளே கத்தரி என்று எனக்குத் தெரியும். பாரில் ஒக்தாயின் பக்கத்தில் அந்தச் சின்னப் பையனும் உட்கார்ந்திருந்தான். விரல்கள் நேராக, நீளமாக இருந்தன. எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

அண்ணன் ஆரம்பித்தார். சமீப காலமாகப் பழகிவிட்டபடி, கேட்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கியே அடித்தார். நான் குச்சியைத் தட்டில் வைத்தேன். அடக்கி வாசிக்கவில்லை, முழுக் கையோடுதான் வாசித்தேன். நாலைந்து வரி போனதும் அண்ணன் தலையைச் சாய்த்தார். தன் சத்தம் தனக்கே கேட்டதில் அவருக்கு ஒரு சந்தேகம். கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். அப்போதும் கேட்டது. இன்னும் குறைத்தார். காதுவரை ஏறியிருந்த தோள்கள் மெல்ல இறங்கின. பிறகு, எத்தனையோ மாதமாக அவர் கைவிட்டிருந்த இடது கை வரிசைகள், எப்படியும் யாருக்கும் கேட்கப் போவதில்லை என்று அவர் விட்டுவிட்ட அந்தத் தாழ்ந்த சுரங்கள், ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை.

மூன்றாவது பாட்டில் அவர் வாசித்தது கிட்டத்தட்ட மூச்சு விடுகிற சத்தம். அதன் அடியில் என் குச்சி ஓடிக்கொண்டே இருந்தது. பாரில் யாரோ பனிக்கட்டி உடைக்கப் போக, ஒக்தாய் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

முடிந்ததும் உஸ்தா பொட்டலத்தோடு நேராக மேடைக்கு வந்தார். நான் எழுந்து தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

"தள்ளு" என்றார்.

"பிடிக்கலையா?"

"தள்ளுங்கிறேன்ல."

தாளைப் பிரித்தார். கத்தரி இருந்தது. அதற்குக் கீழே ஒரு சின்னச் சுத்தியலும் முத்திரை உளியும் இருந்தன. தட்டைக் கழற்றித் தரையில் வைத்து, மண்டியிட்டு, கோட்டுக் கையால் சாக்கட்டிக் குறியைத் துடைத்தார். "ஐயோ, என் தரை!" என்று ஒக்தாய் ஓடி வருவதற்குள் ஓங்கி ஒரே அடி. முத்திரை ஆழமாக விழுந்திருந்தது.

ஒக்தாய் தரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, அடுத்த மாசம் சனிக்கிழமையும் வர முடியுமா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அண்ணன் கெத்தாக.

உஸ்தா எழுந்து பியானோ பக்கம் போனார். அண்ணனின் கைகள் வழக்கம்போலக் கோட்டுப் பைக்குள் போய்விட்டிருந்தன.

"கடைசி மேஜைல இருந்தேன்" என்றார் உஸ்தா. "ஒண்ணு விடாம கேட்டுச்சு. உங்க கைக்குச் சுகம்."

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கடைசி மேஜை எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். பிறகு வலது கையை வெளியே எடுத்து நீட்டினார். உஸ்தாவின் விரல்களும் சம்மட்டி பிடித்துப் பிடித்து மடங்கியவை, நிமிராது. இரண்டு கைகளும் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தவில்லை. எப்படியோ பிடித்துக்கொண்டு, விடாமல் நின்றார்கள்.

"இந்தப் பொண்ணுகிட்ட எத்தனை வருஷமா சொல்றேன் தெரியுமா," என்றார் அண்ணன் என்னைக் காட்டி, "குச்சியை ஒழுங்காப் பிடின்னு? இன்னிக்குத்தான் பிடிச்சிருக்கா."

உஸ்தா வாயைத் திறந்தார். நான் அவர் காலை நன்றாக மிதித்தேன்.

"ஆமாண்ணே," என்றேன். "இன்னிக்குத்தான் கை வந்துச்சு."