காலி கேட்ச்

குரோம்பேட்டையில் ஒரு கணினி மையத்தில் ஜாவா நடத்துகிறேன். புரோகிராமில் ஒரு வேலையைச் செய்யும் பகுதியான மெத்தட் தவறக்கூடும் என்றால் அதை முதல் வரியிலேயே அறிவித்துவிட வேண்டும். தவறினால் எக்ஸெப்ஷன் என்ற பிழை அறிவிப்பை எறிய வேண்டும், மூடி மறைக்கக் கூடாது. ஒவ்வொரு பேட்சிலும் இதைத் தொண்டை வறளச் சொல்வேன்.

அன்று உதாரணத்துக்கு என் சொந்த வலைத்தளத்தில் வருகிறவர்கள் எனக்குச் செய்தி எழுதும் பெட்டியின் புரோகிராமையே திரையில் போட்டேன். கல்லூரிக் கடைசி வருடம் எழுதியது. கொஞ்சம் பெருமைதான்.

"மேடம், மெசேஜ் சேவ் ஆகலன்னா எக்ஸெப்ஷன் வருது. நீங்க அத கேட்ச் பண்ணிட்டு ஒண்ணுமே செய்யலியே?" என்றாள் மாணவி சுபத்ரா.

பிழையைப் பிடித்ததும் என்ன செய்வதென்று எழுத வேண்டிய கேட்ச் அடைப்புக்குள் ஒன்றும் இல்லை. ஐநூறு எழுத்தைத் தாண்டிய செய்தி சேமிப்பில் ஏறாமல் தொலைந்துவிடும். ஆனால் எழுதியவருக்கு 'செய்தி கிடைத்தது, நன்றி' என்று காட்டும். புராஜெக்ட் டெமோவில் பிழை என்று சிவப்பு எழுத்து வந்து மானம் போகக் கூடாதென்று நான் செய்த கெட்டிக்காரத்தனம்.

வகுப்பு சிரித்தது. எனக்குப் பிரணவ் நினைவுக்கு வந்தான்.

கல்லூரியில் கூடப் படித்தவன், என் காதலன். அவன் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது எங்களுக்குள் பெரிய சண்டை. எல்லாவற்றிலும் அவனை பிளாக் செய்தேன். "ஏதாவது சொல்லணும்னா என் சைட்ல எழுது. தோணினா படிக்கிறேன்" என்றேன். திமிர்தான், வேறென்ன? மூன்று வருடமாகத் தினமும் தாம்பரத்தில் ரயில் ஏறியதும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். வீட்டுமனை விளம்பரம்கூட வந்தது, அவன் எழுதவில்லை. இரண்டு மார்க் கேள்விக்கு நான்கு பக்கம் எழுதுகிறவன். ஐநூறு எழுத்து அவன் ஆரம்பிக்கவே போதாது.

வகுப்பை முடித்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அவன் மேல் போட்டிருந்த பிளாக்கை நீக்கினேன். "எனக்கு எழுதினியா?" என்று அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "ஒன்பது தடவ எழுதினேன் பிரியா. வீட்ல பொண்ணு பாத்துட்டாங்க, நீ ஒரு வார்த்தை சொன்னா நிறுத்திடறேன்னு கடைசியா எழுதினேன். ரெண்டு மாசம் வெயிட் பண்ணேன். போன தையில கல்யாணம் ஆயிடுச்சு. நீ நல்லா இருக்கியா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவன் இனி எனக்கில்லை என்பது புரிந்தது. அந்த ஒன்பதில் ஒன்றையாவது படித்துவிட வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது.

"எழுதினதெல்லாம் எங்கயாவது வெச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"இல்ல, நேரா உன் சைட்லதான் டைப் பண்ணேன். எல்லாம் உங்கிட்டதான் இருக்கு" என்றான்.