ருக்குமணி மங்கல்

கல்லாங்காட்டுப்புதூரில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மலையை இறக்கிப் பிரித்து, பாலீஷ் போட்டு வைக்கச் சொல்லி வீட்டுக்கு ஒரு கூடையாகக் கொடுப்பார்கள். எப்படிப் பிரித்தாலும் கூடை மிஞ்சியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. கெடு ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். அதுவரை மலைமேல் இருக்கும் முருகன் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் தங்கிக்கொள்வார். வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயர் அவருடையது.

தையல்காரி ருக்குமணி வீட்டுக்கு எப்போதும் வருவது தெற்குச் சரிவு, பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே உள்ள பகுதி. போன முறை ஊர்க் கூடையெல்லாம் மின்ன, அவள் கூடை மட்டும் மோர் பூசிய மாதிரி வெளிறிப்போய் வந்தது. மலையின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு மங்கல் விழுந்தது. அன்றிலிருந்து அந்த ஸ்டாப்புக்கே 'ருக்குமணி மங்கல்' என்று பெயராகிவிட்டது. "மங்கலெல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் நாளுக்குப் பதினெட்டு தடவை கத்துவார். கடையில் மெஷின் மிதித்துக்கொண்டிருக்கும் ருக்குமணியின் காதில் பதினெட்டு தடவையும் விழும். பன்னிரண்டு வருஷம் வேண்டாம், பன்னிரண்டு நிமிஷம் வேறு யாராவது கேட்டுப் பார்க்கட்டும், தெரியும்.

ஆகவே இந்த முறை அவள் ஒரே முடிவாக இருந்தாள். ரப்பர் பூசிய டிரம்மில் கல்லைப் போட்டு, தண்ணீர் விட்டு, கொரகொரப்பான தூளைத் தூவி, தையல் மெஷின் மோட்டாரோடு பெல்ட் மாட்டி உருட்டிவிட்டாள். கொரகொரப்பு, நடுத்தரம், நைஸ், பாலீஷ் என்று நான்கு கட்டம். வீட்டுக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்குத் திரையும் போட்டுவிட்டாள். மேற்கே மலை இல்லாததால் அந்த நாட்களில் எல்லா வீட்டுக்கும் ஒரு மணி நேரம் சாயங்காலம் கூடுதலாகக் கிடைக்கும். ஊரே அதில் கைப்பந்து ஆடியது, மிளகாய் காயப்போட்டது. ருக்குமணி தன் வீட்டுச் சாயங்காலத்தைத் தொடவே இல்லை.

இரண்டாம் நாள் டிரம் நின்றுவிட்டது. பெல்ட் ஈரத்தில் வழுக்கியிருந்தது. துடைத்து, தையல் சாக்பீஸை உரசித் தேய்த்தாள், ஓடியது. ஐந்தாம் நாள் உள்ளே கடகடவென்று சத்தம். சீரான மழை மாதிரி சத்தம் வந்தால்தான் கல் உருள்கிறது என்று அர்த்தம், இது விழுகிறது, விளிம்பு உடையும். டிரம் அரைதான் நிரம்பியிருந்தது. அவள் அலமாரியைத் திறந்து பீங்கான் கப்புகளை எடுத்து உலக்கையால் உடைத்தாள்.

"ஏம்மா, அது உங்கண்ணன் வெச்ச சீருல்ல?" என்றார் கணவர் சின்னச்சாமி.

"போகட்டுங்க. முக்கால் டிரம் ரொம்போணும். மலை மூளியாப் போனா எந்தக் கடைல போயி வாங்குவீங்க?"

சின்னச்சாமி சாசர்களையும் எடுத்துக் கொடுத்தார். ஒன்பதாம் நாள் மூடி உப்பியது. திறந்தால் உள்ளே அடைபட்டிருந்த மலைக்காற்று ஆட்டு வாடையோடு வந்து, தைத்து வைத்த ரவிக்கைகளைக் கொடியேற்றியது. அதற்குப் பிறகு தினம் காலையில் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியே விட்டாள்.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்து, நாற்பத்தேழாம் நாள் காலை டிரம்மைத் திறந்தாள். கல் மோர் பூசிய மாதிரி இருந்தது.

ருக்குமணி தரையில் உட்கார்ந்து அழுதாள். சின்னச்சாமி ஃபேனைப் போட்டுவிட்டார். வெளியே பஸ் வந்து நின்றது. "மங்கலெல்லாம் எறங்கு!" அவள் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியை எடுத்துத் திருப்பினாள். பொட்டு இல்லை.

முதல் கட்டம் முடிந்ததும் அந்தக் கொரகொரச் சேற்றை விரலில் தொட்டு மூடிமேல் பொட்டு வைப்பது ஊர் வழக்கம், கண்ணு பட்டுவிடக் கூடாது என்று. எல்லாரும் வெளிப்பக்கம் வைப்பார்கள். மலை உச்சியையே கூடையாக வாங்கும் எதிர்வீட்டு வளர்மதியின் கண்ணு பொட்டிலேயே பட்டுவிடும் என்று ருக்குமணி உள்பக்கம் வைத்திருந்தாள். போன முறையும் அப்படித்தான். காய்ந்த பொட்டு உதிர்ந்து பாலீஷுக்குள் விழுந்து, கல்லையெல்லாம் கீறியிருந்தது.

"நாந்தானுங்க! ரெண்டு தடவையும் நாந்தான் கெடுத்துப்போட்டேன்!" என்று கத்தினாள். தப்பு கண்டுபிடிபட்டதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல், டிரம், மூடி, நகக்கண் எல்லாவற்றையும் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். மறுபடி நைஸ் தூளில் இரண்டு நாள், பாலீஷில் இரண்டு நாள் ஓட வேண்டும். வேகத்தைக் கூட்டினால் கல் உடையும். கையில் இருந்ததோ இரண்டே நாள். மோட்டாரைப் போட்டுவிட்டு நேரே மலை ஆபீசர் நஞ்சப்பனிடம் போனாள்.

நஞ்சப்பன் சாயங்காலப் பதிவேட்டைப் புரட்டினார். "உங்க வீட்டுக் கணக்குல சாயங்காலம் அப்படியே கெடக்குதுங்களே. இன்னைக்கும் நாளைக்கும் சேத்து நாப்பத்தெட்டு மணி நேரம் வரும்."

"அப்ப ரெண்டு நாளுங்க."

"ரெண்டு நாளேதானுங்க" என்று முத்திரை வைத்துக் கொடுத்தார்.

ஊருக்கு நாற்பத்தெட்டாம் நாள் வெள்ளிக்கிழமை முடிந்தது. மலையை அடுக்கினார்கள். ருக்குமணி வீட்டில் மட்டும் இன்னும் புதன். ஜாக்கெட் வாங்க வந்தவர்களிடம், "வெள்ளிக்கெழமைன்னுதான சொன்னேன்?" என்று திருப்பி அனுப்பினாள். மலையின் நடுவில் ஒரு பாய் அகலத்துக்கு வானம் தெரிந்தது. "ஓட்டையெல்லாம் எறங்கு!" என்றார் கண்டக்டர். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டிரம்மில் ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டாள். உள்ளே மழை சீராகப் பெய்தது.

அவள் வீட்டு வெள்ளிக்கிழமை முடிந்ததும் மூடியைத் திறந்தாள். முதல் கல்லிலேயே அவள் முகம் தெரிந்தது, முகத்துக்குப் பின்னால் சின்னச்சாமியின் வழுக்கையும் தெரிந்தது. இருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேறி, ஒவ்வொரு கல்லாக ஓட்டையில் பதித்தார்கள். கடைசிக் கல் உட்கார்ந்ததும் வெயில் அதில் பட்டு, கீழே நின்ற பஸ்ஸின் உள்ளே சீட்டுக்கு அடியில்கூட வெளிச்சம் விழுந்தது. கண்டக்டர் பையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

வளர்மதி படியேறி வந்து பார்த்தாள். "அக்கா, உங்க கல்லுல எங்க உச்சி கறுப்பாத் தெரியுதுங்க்கா" என்றாள். ருக்குமணி வாய்விட்டுச் சிரித்தாள், பன்னிரண்டு வருஷச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். முருகன் மூன்றாம் வகுப்புக்குத் தேர்ச்சி பெற்று மேலே ஏறினார்.

மறுநாள் கடையைத் திறந்து வைத்து, ஜன்னல் திரையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். "ருக்குமணி பளபளா எறங்கு!" பதினெட்டு தடவையும் எண்ணினாள். ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

பத்தொன்பதாவதாக ஒரு பஸ் வந்தது. அதன் பின்படியில் பக்கத்து ஊர் சென்னாக்கல்பாளையத்து மலை மஞ்சள் பையோடு இறங்கிக்கொண்டிருந்தது. ருக்குமணி கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அதன் இடுப்பை அளந்தாள்.

"முக்கால் டிரம்முக்கு மேல போட்டா உருளாதுங்க. பாதி எறங்குங்க, மீதி பஸ்லயே உக்காந்திருங்க" என்றாள்.

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மீதிக்கு ஜன்னலோரம் இடம் போட்டுக் கொடுத்தார்.