ருசி பார்த்தவர்கள்

ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போதுதான் காசில்டாவுக்கு விஷயம் தெரிந்தது. சொன்னவள், இறந்துபோன கணவரின் நண்பர் தாமசோவின் மனைவி பெத்ரா. ஆறுதலாகத்தான் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன ஒயின் வாரத்துக்கு வாரம் பட்டு மாதிரி ஆயிட்டு வருதாம்க்கா. வியாழக்கிழமை ஒயின் குகைக்குப் போயிட்டு வந்தா எங்க வீட்டுக்காரருக்கு இதே பேச்சுதான். போன வாரம் அழுதுட்டார்னா பாத்துக்கங்க."

காசில்டா ரொட்டியை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையை மறந்துவிட்டு நடந்தாள். வாரத்துக்கு வாரமா? வாராவாரம் அதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

மெல்ச்சோர் பிப்ரவரியில் இறந்துபோனார். ஸ்பெயினில் உலகக் கோப்பைக் கால்பந்தாட்டம் நடந்ததற்கு அடுத்த வருடம் அது. முந்தைய அக்டோபரில் பறித்த மற்றத் திராட்சை முழுவதையும் ஊர்க் கூட்டுறவுக்குக் கொடுத்தவர், மேட்டு நிலத்துக் கிழட்டுக் கொடிகளின் பழத்தை மட்டும் தானே மிதித்துப் பிழிந்து ஒரு பீப்பாயில் வைத்தார். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபோது வலியைப் பற்றிப் பேசியதைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார். "ரெண்டு வருஷம் மரத்துல இருக்கட்டும், மூணு வருஷம் பாட்டில்ல கெடக்கட்டும். அதுக்கு முன்னாடி அது யாருகிட்டயும் வாய் திறக்காது" என்றார். அவர் தொடங்கியவற்றில் இன்னும் முடியாமல் இருந்தது அது ஒன்றுதான். காசில்டாவுக்கு மற்றதெல்லாம் முடிந்துபோயிருந்தது. சட்டைகளைக்கூடத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

அடக்கம் முடிந்த அன்றே குகைச் சாவியைத் தாமசோவின் கையில் கொடுத்தவளும் அவள்தான். அவர்கள் ஊரான பிரியோனெஸில் குன்றைக் குடைந்து செய்த குகைகள் ஆண்களின் இடம். திருவிழா நாளைத் தவிரப் பெண்கள் அங்கே இறங்குவதில்லை. அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. ஓக் மரம் மூச்சு விடும், உள்ளே ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும், வற்றிய இடத்தில் காற்று தங்கினால் ஒயின் காடியாகிவிடும். அதனால் மாதம் ஒருமுறை பீப்பாயின் மேல்வாயைத் திறந்து விளிம்புவரை ஊற்றி நிரப்ப வேண்டும். அதற்கென்றே மெல்ச்சோர் அதே ஒயினை இரண்டு பெரிய கண்ணாடிக் குடுவைகளில் நிரப்பிப் பக்கத்திலேயே வைத்திருந்தார். அவள் தாமசோவிடம் கேட்டுக்கொண்டது அந்த ஒரு வேலையைத்தான். அவரும் நெஞ்சில் கை வைத்து, இதைக்கூட நீ சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்த அந்த வியாழக்கிழமை மதியம் அவள் குன்றின் பின்பக்கம் போனாள். குகைகளின் புகைபோக்கிகளில் திராட்சைச் சுள்ளி எரியும் வாசனை வந்துகொண்டிருந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. படி இறங்கும்போதே தாமசோவின் குரல் கேட்டது. மெல்ச்சோரின் நாக்கைப் போல இந்தப் பக்கத்தில் இன்னொரு நாக்கு இல்லை, எப்போது வேறு பீப்பாய்க்கு வடித்து மாற்ற வேண்டும், எந்தப் பீப்பாய் தேறாது என்று ஒரு வாய் பார்த்தே சொல்லிவிடுவான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

காசில்டா படியில் ஒரு கணம் நின்றாள். ஒவ்வொரு தடவை வடிப்பதற்கு முன்பும் மெல்ச்சோர் காப்பிக் கூஜாவில் கொஞ்சம் ஒயினை மறைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். சமையலறை மேசையில் அவள் அதைக் குடித்துப் பார்ப்பாள். அவள் சொன்னதைத்தான் அவர் மறுநாள் குகையில் போய்ச் சொல்வார். இதை இப்போது இவர்களிடம் சொல்லலாம். சொன்னால் இதையும் தொட்டுக்கொண்டு ஒரு டம்ளர் குடிப்பார்கள் என்று தோன்றியது. சொல்லவில்லை.

அவளைப் பார்த்ததும் மெல்ச்சோரின் பழைய கூட்டாளிகள் ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். கணப்பில் ஆட்டு விலாத் துண்டுகள் வெந்துகொண்டிருந்தன. மேசையில் ரொட்டி, மிளகாய் வதக்கல், பாதி காலியான கூஜா. சுவரோரம் கண்ணாடிக் குடுவைகள் இரண்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன, நன்றாகக் கழுவி.

எல்லாரிலும் இளையவர் லெயோன்சியோ. அவர்தான் முதலில் பேசினார். "அண்ணி, மேல இருந்து ஒரு குரல் குடுத்திருந்தா நாங்களே வந்திருப்போமே. படி வேற வழுக்கும். அதோட..." என்று இழுத்தார். "பொம்பளைங்க எறங்கினா ஒயின் திரிஞ்சிடும்னு பெரியவங்க சொல்லுவாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. சும்மா சொன்னேன்."

காசில்டா பீப்பாயிடம் போய் விரல் முட்டியால் தட்டினாள். மேலே தட்டியபோது காலிப் பானையின் சத்தம் வந்தது. ஒரு சாண் இறக்கித் தட்டினாள். அதே சத்தம்தான். பீப்பாயின் வயிற்றை நெருங்கிய பிறகுதான் சத்தம் கனத்தது. மூன்றில் ஒரு பங்கு இல்லை.

முகப்பில் இருந்த சின்ன மர முளையைப் பிடுங்கினாள். நூல் போல வந்த ஒயினை மேசையிலிருந்த ஒரு டம்ளரில் பிடித்து, முளையைத் திரும்ப அடித்தாள். நிறம் நன்றாகத்தான் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள். கரும்பழமும் புதுப் பலகையும் வந்தன, அவற்றின் முதுகில் ஏறிக்கொண்டு, காடியாகத் தொடங்கும் ஒயினுக்கு வரும் நகப்பூச்சு வாசனை ஒன்றும் வந்தது. குடித்தாள். துவர்ப்பு பல்லைப் பிடித்தது, அது அந்த வயதுக்கு உள்ளதுதான். விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு கீறல். அது வயதால் வந்ததல்ல.

"நான் எறங்குறதுக்கு முன்னாடியே திரிய ஆரம்பிச்சிருச்சே, லெயோன்சியோ" என்றாள்.

தாமசோ இருமினார். பிறகு நடந்ததைச் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் அது குற்றமாகவே தெரியவில்லை. அடக்கம் முடிந்த முதல் வியாழக்கிழமை, மெல்ச்சோரின் நாற்காலி காலியாக இருந்ததைப் பார்க்கத் தாங்காமல் குடுவையிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் ஊற்றிக்கொண்டார்களாம். அடுத்த வாரமும் அப்படியே. குடுவைகள் தீர்ந்ததும், பீப்பாய் எப்படி இருக்கிறதோ என்ற கவலையில் முளையைப் பிடுங்கி ருசி பார்த்தார்களாம். கவலை வாராவாரம் வந்தது. மேல்வாயைத் திறந்து நிரப்பும் வேலையை லெயோன்சியோ செய்வதாகத் தாமசோ நினைத்தார், தாமசோ செய்வதாக லெயோன்சியோ நினைத்தார். எதை ஊற்றி நிரப்புவது என்று யாரும் கேட்கவில்லை.

"அவனை நெனச்சுத்தான் குடிச்சோம், காசில்டா. ஒரு சொட்டுகூட வெளி ஆளுக்குக் குடுக்கல. நாப்பது வருஷமா அவன்கூட உக்காந்து குடிச்சவங்க நாங்க. அவன் எங்களுக்கும்தானே வேணும்."

"வேணும்னா உங்க ஒயினைக் குடிச்சிக்கிட்டு அவரை நெனச்சிருக்கலாம்ல, அண்ணே. அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு குகை இருக்கு. எனக்கு இருந்தது இந்த ஒரு பீப்பா."

கணப்பில் கொழுப்பு சொட்டி நெருப்பு சீறியது. லெயோன்சியோ கறியைத் திருப்பப் போனார், பிறகு அது சரியில்லை என்று நினைத்தோ என்னவோ, இடுக்கியைக் கீழே வைத்தார்.

தாமசோவுக்கு வழி ஒன்று தோன்றியது. முகம் தெளிந்தது. தன் ஒயினை ஊற்றி நிரப்பிவிடலாம் என்றார். அதே சரிவு, அதே தெம்ப்ரனில்லோ திராட்சை, அதே வருடம். ஒரு மாதத்தில் கலந்துவிடும், வாசனையும் அமுங்கிவிடும். ஒரு பைசா வேண்டாம் என்று தாராளமாகவும் சொன்னார்.

அந்தத் தாராளம்தான் காசில்டாவுக்குத் தாங்கவில்லை. குடித்ததைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பாள். குடித்த இடத்தில் தன்னை ஊற்றிவிட்டு, ஐந்தாம் வருடத்தில் அதை மெல்ச்சோர் என்று சொல்லி அவள் கையில் கொடுக்கலாம் என்று ஒரு மனிதர் நினைக்கிறார். அதையும் உபகாரமாக நினைக்கிறார்.

"நாளைக்குப் பாட்டில்ல அடைக்கப் போறேன்" என்றாள்.

ஐவரும் ஒரே குரலில் மறுத்தார்கள். இதுவரை தலை குனிந்து நின்றவர்களுக்குத் தொழில் பேச்சு வந்ததும் குரல் வந்துவிட்டது. இன்னும் முரடு, மரத்தில் இன்னொரு வருடமாவது கிடக்க வேண்டும், இப்போது அடைத்தால் பச்சைக் காயைப் பறிப்பது போல என்றார்கள். மெல்ச்சோர் இருந்தால் சம்மதிக்கவே மாட்டான் என்றார் தாமசோ.

"அவர் இருந்திருந்தா பீப்பா நெறஞ்சிருக்கும். இப்ப இந்த ஒயினுக்கு மரத்தைவிட காத்துதான் ஜாஸ்தி. ரெண்டுல ஒண்ணுதான் கிடைக்கும் எனக்கு. அவரோடதா, பச்சையா இருக்கட்டும். இல்ல யாரோடதோ கலந்து, பழுத்து இருக்கட்டும். எனக்கு அவரோடது போதும்." கையை நீட்டினாள். "சாவி."

மறுநாள் காலை அவள் போனபோது லெயோன்சியோ குகை வாசலில் காலிப் பாட்டில்களோடு உட்கார்ந்திருந்தார். இரவே கழுவிக் கவிழ்த்ததாகச் சொன்னார். அவள் நன்றி சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அவள் முளையருகே முக்காலி போட்டு உட்கார்ந்து நிரப்பினாள். அவர் நெம்புகோல் இயந்திரத்தில் தக்கை அடித்தார். மதியம் தாமசோ வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, நிரம்பிய பெட்டிகளைத் தூக்கி அவள் வீடுவரை கொண்டுபோய் வைத்தார். அறுபத்தைந்து வயது, முட்டிவலி வேறு. அவள் தடுக்கவில்லை. கஷ்டப்படட்டும் என்றுதான் இருந்தது.

கடைசிப் பெட்டியை இறக்கி வைத்த பிறகு அவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, வியாழக்கிழமை மேசையில் வைப்பதற்கு ஒரே ஒரு பாட்டில் கேட்டார். திறக்க மாட்டோம், சும்மா அவன் இடத்தில் இருக்கும் என்றார்.

"உங்க பங்கு முடிஞ்சிருச்சு, அண்ணே" என்றாள் காசில்டா. அவர் போனதும் கதவைச் சாத்தினாள்.

பாட்டில்களை வடக்குப் பார்த்த அறையில் படுக்கவைத்து மேலே சாக்கு போட்டாள். அந்த அறைக்குள் அதிகம் போகமாட்டாள். போனால் தக்கையைப் பிடுங்கத் தோன்றும். தெருவில் தாமசோவைப் பார்த்தால் தலையசைப்பாள், அவ்வளவுதான். மெல்ச்சோர் போன நான்காம் வருடம் தாமசோ இறந்தபோது அடக்கத்துக்குப் போனாள். பெத்ராவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது பெத்ராவுக்காக.

மெல்ச்சோர் சொன்ன ஐந்து வருடம் முடிந்த அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சமையலறை மேசையில் முதல் பாட்டிலைத் திறந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். செங்கல் நிறம் ஓரத்தில் ஏறியிருந்தது. துவர்ப்பு தணிந்து, காய்ந்த செர்ரியும் புகையிலையும் மெல்ல வந்தன. மேட்டு நிலத்துக் கல்லின் அந்த உலர்ந்த ருசி வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர்தான். சந்தேகமே இல்லை. இன்னொரு வருடம் மரத்தில் இருந்திருந்தால் எங்கே போயிருக்கும் என்பதும் தெரிந்தது. அந்த இடத்துக்கு இது இனிப் போகாது.

விழுங்கிய பிறகு தொண்டையில் அந்தக் கீறலும் வந்தது. முன்னைவிட மெலிந்திருந்தது. வேறு யாராவது குடித்திருந்தால் கவனித்தே இருக்கமாட்டார்கள். அவள் கவனித்தாள். செத்துப்போன தாமசோ மேல் கோபம் அப்படியே திரும்பி வந்தது, கொஞ்சமும் பழசாகாமல். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகச் சற்று நேரம் எப்ரோ ஆற்றைப் பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் குடித்தாள், கோபத்தோடேயே. அவருடையதைக் குடிக்க வேண்டுமானால் அவர்கள் செய்ததையும் சேர்த்துத்தான் குடித்தாக வேண்டும்.