விரல் மட்டும் பார்த்த திரை

...கட்டைவிரலை விளிம்பில் ஊன்றியாயிற்று, அங்கிருந்து ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக நடுவிரல் போய் விழுந்தால் அதுதான் 'புது இடம்', அதற்கு இரண்டு விரற்கடை கீழே 'பெட்ரோல்', மேல் மூலையில் 'ரத்து', எல்லாம் நேற்று இருந்த இடத்திலேயேதான் இன்றும் இருக்கும், ஆட்டுக்குட்டியா என்ன, இடம் மாறி மேய்வதற்கு... என்று குமிழ் அண்ணன் தனக்குள் சொல்லிக்கொண்டார், சொல்லிக்கொண்டாரே தவிர, உள்ளங்கை வேர்த்துத் தொடுதிரையின் விளிம்பு வழுக்கியது. கண்ணைச் சாலையை விட்டு எடுக்கக் கூடாது, எடுத்தால் தொலைந்தோம், ஸ்டியரிங்குக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஒரு கேமரா அவர் கருவிழியையே முறைத்துக்கொண்டிருக்கிறது, எந்த மாமியாரும் எந்த மருமகளையும் அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். பக்கத்து சீட்டில் இயக்குநர் அம்மா, மடியில் கைப்பை, முகத்தில் ஒன்றும் இல்லை. பின் சீட்டில் கேமராக்காரன், லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மிட்டாயைக் கடக் கடக்கென்று கடிக்கிறான், அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் தன் குட்டு உடைகிற சத்தமாகவே அவர் காதில் விழுகிறது. வெளியே தூறல். வைப்பர் இப்படியும் அப்படியுமாக, மாட்டாய் மாட்டமாட்டாய், மாட்டாய் மாட்டமாட்டாய் என்று அடித்துக்கொண்டிருந்தது.

குட்டு என்ன பெரிய குட்டு, கொலையா கொள்ளையா, வயதானால் யாருக்கும் வருவதுதான், டாக்டர்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், தூரத்துல இருந்து பக்கத்துக்குப் பார்வை மாறக் கொஞ்சம் சுணங்கும், பக்கத்துல இருந்து தூரத்துக்குத் திரும்பவும் அதே சுணக்கம், ஒரு மூக்குக்கண்ணாடி போட்டா சரியாயிடும் என்று. போட்டால் சரியாகிவிடும், ஆமாம், கண் சரியாகிவிடும், வேலை? இந்தச் சீட்டில் மூக்குக்கண்ணாடி போட்டவர் உட்கார முடியாது, கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கேமராவுக்குக் கருவிழி எது, தெருவிளக்கு எது என்று தெரியாது, அதுதான் இந்தக் கம்பெனி சட்டம். இவருக்கு முன்னால் வண்டி ஓட்டிப் பார்த்தவர் ஒரு காலையில் மூக்கில் கண்ணாடியோடு வந்தார், அன்றைக்கே புகார்ப் பிரிவில் ஒரு நாற்காலி போட்டார்கள், காலையில் இருந்து மாலை வரை போனில் ஊரார் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு சம்பளம் வாங்குகிறார். கேட்டுக் கேட்டு அவருடைய ஒரு காது மற்றதைவிடப் பெரிதாகிவிட்டது என்பார்கள். குமிழ் அண்ணனே நேரில் பார்த்திருக்கிறார், பெரிதாகத்தான் இருக்கிறது. அந்த நாற்காலியா? இந்த ஸ்டியரிங்கை விட்டுவிட்டா? வீட்டுக்காரி ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும், கட்டிக்கொண்டவளிடம் மாத்திரை அட்டையைப் படிக்கக் கொடுத்தால் தெரியாமல் போகுமா, "பேப்பரை இப்படிக் கையை நீட்டி நீட்டிப் படிச்சா எப்படிங்க, இன்னும் கொஞ்ச நாள் போனா அடுத்த வீட்டுக்காரர்தான் பிடிச்சுக்கணும்" என்றாள். சிரித்தாள். அவளுக்கும் அதே வயதுதானே, அதே கண்தானே. வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றுகிற நர்ஸ் அவள், தெரியாத தெருக்களில் நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறவள், அவள் வண்டியில் இருப்பது குமிழ், பார்க்காமலே திருகுவாள், டிக் டிக் டிக், விரலுக்குத் தெரியும் எத்தனையாவது பல்லில் நிற்கிறோம் என்று.

அதனால்தானே கத்தினார் அவர்! கார்களுக்கு டாஷ்போர்டு செய்கிற இந்தக் கம்பெனியில் குமிழ்க் கட்சி, திரைக் கட்சி என்று இரண்டு கட்சி, கேன்டீனில்கூடத் தனித்தனி மேஜை, குமிழ்க் கட்சிக்கு இவர்தான் தலைவர், தொண்டரும் இவரே, பெயரே அப்படித்தான் வந்தது. திரை வழவழவென்று இருக்கும் மேடம், அதுல விரலுக்குப் பிடிமானம் எங்க இருக்கு, ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பார்த்துத்தான் தொடணும், அந்த நேரத்துல ஒரு குழந்தை குறுக்க வந்தா... என்று மேஜையைத் தட்டிப் பேசியபோது எல்லாரும் நியாயம் பேசுகிறார் என்று நினைத்தார்கள். நியாயம்தான். நியாயத்துக்கு அடியில் பயமும் இருந்தது, அதை யார் தூக்கிப் பார்க்கப் போகிறார்கள்? எந்த வண்டியில் கண் சாலையை விட்டுக் குறைவாக விலகுகிறதோ அதற்குத்தான் ஓட்டு, மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் ஓட்டி முடித்துவிட்டார்கள், பாதிப் பேர் குமிழ், பாதிப் பேர் திரை, இம்மி பிசகாமல் சமமாக நிற்கிறது, கடைசி ஆள் இவர். காலையில் குமிழ் வண்டியை ஓட்டியாயிற்று, ஆனந்தமாக ஓட்டினார், நடுநடுவே குமிழை எட்டிக்கூடப் பார்த்துக்கொண்டார், தெரிந்தவர் வீட்டு வாசலை எட்டிப் பார்ப்பது போல, அதில் படிக்க எழுத்தா இருக்கிறது, கண் சுணங்குவதற்கு. இப்போது திரை வண்டி. இதில் எட்டிப் பார்த்தால் எழுத்தெல்லாம் மழையில் நனைந்த எறும்பு வரிசை மாதிரி கலைந்துபோய்த் தெரியும், பார்வை சுணங்கும், அந்தச் சுணக்கத்தைப் பட்டாணி பிடித்துவிடும், லேப்டாப்பில் கோடு கோடாக விழும், கேமராக்காரன் மிட்டாய் கடிப்பதை நிறுத்திவிட்டு, அண்ணே உங்க கண்ணுக்கு என்ன ஆச்சு, என்பான். அவ்வளவுதான். காது பெரிதாகிவிடும்.

அதற்காகத்தான் அந்தப் பயிற்சி. வேறு எவனுக்கும் தோன்றாது, தோன்றினாலும் செய்ய மாட்டான். மதியச் சாப்பாட்டு வேளைகளில் கொட்டகையில் நிற்கிற இதே வண்டிக்குள் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கட்டைவிரலை ஊன்றி நடுவிரலால் திரையைத் தடவித் தடவி... காவல்காரர் ஒருநாள் எட்டிப் பார்த்து, "என்ன சார், வண்டிக்கு உடம்பு சரியில்லையா, தடவிக் குடுக்குறீங்க?" என்றார், உள்ள ஏதோ கடகடன்னு சத்தம் வருதுப்பா, கேட்டுக்கிட்டு இருக்கேன் என்று சமாளித்தார். அன்றிலிருந்து காவல்காரர் போகிற வருகிறவர்களிடமெல்லாம், அவர் கையை வைத்தாலே எந்த வண்டியும் நோவு சொல்லும் என்று கதை கட்டிவிட்டார், கெட்டதிலும் ஒரு நல்லது. விரல் படித்துக்கொண்டது. கண் தெரியாதவன் தன் வீட்டுக் கதவுத் தாழைத் தொடுவது போல, தப்பாமல், தடுமாறாமல்...

"இப்ப புது இடம் போடுங்கண்ணே, ரயில்வே ஸ்டேஷன்," என்றான் கேமராக்காரன். ஊன்று, நீட்டு, தொடு. டிங். வழி சொல்லும் குரல், ரயில் நிலையம், என்றது. அப்பாடா! கண் சாலையில். கண் சாலையிலேயே இருக்கட்டும், இமைக்கலாமா, இமைக்கலாம், இமைக்காவிட்டால்தான் சந்தேகம் வரும், சாதாரண மனிதன் எவ்வளவுக்கு ஒரு தடவை இமைப்பான், இத்தனை வருஷம் இமைத்தும் கவனிக்கவில்லையே... "அடுத்தது பெட்ரோல் பங்க் தேடுங்க." இரண்டு விரற்கடை கீழே. டிங். குரல் வரவில்லை. ஏன் வரவில்லை? டிங் கேட்டதே, இந்தப் பாழாய்ப்போன திரைக்கு எதைத் தொட்டாலும் ஒரே டிங்தானே, சரியானதைத் தொட்டாலும் டிங், தப்பானதைத் தொட்டாலும் டிங், குமிழ் என்றால் பல்லுக்குப் பல் சொல்லுமே, நான் இங்கே இருக்கிறேன், நான் இங்கே இருக்கிறேன் என்று. எதைத் தொட்டேன்? பார்க்கலாமா, ஒரே ஒரு தடவை, பொட்டுப் பொழுது... பார்க்காதே. பார்க்காதே.

இயக்குநர் அம்மா நகர்ந்து உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து மறுபக்கம் நகர்ந்தார். கைப்பையால் விசிறினார். "இங்க யாருக்காவது புழுக்கமா இருக்கா?" "இல்லையே மேடம், எனக்குக் குளிருது," என்றான் கேமராக்காரன். அம்மா ஜன்னலைப் பாதி இறக்கினார், தூறல் அவர் தோளில் விழுந்தது. குமிழ் அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. சீட்டுச் சூடு! குளிர்ந்தால் இந்தத் திரை தானாகவே பக்கத்து சீட்டைச் சூடாக்கும் பொத்தானைப் 'புது இட'த்துக்குக் கீழே கொண்டுவந்து வைக்கும், அதற்கடுத்தவற்றை ஒரு வரி கீழே தள்ளும், புத்திசாலித் திரை என்று விளம்பரம்கூடப் பண்ணினார்களே, கொட்டகைக்குள் குளிரவில்லை, அதனால் வரவில்லை, இன்று மழை, வந்துவிட்டது, ஆட்டுக்குட்டியேதான், இடம் மாறி மேய்ந்துவிட்டது. இன்னொரு தடவை தொட்டால் அணையுமா, இன்னும் ஏறுமா? தொட்டார். டிங். அம்மாவின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. ஏறிவிட்டது! அந்த வயதில் பெண்களுக்கு உடம்பு திடீரென்று காந்தும் என்று வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள், மேடமும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, இரண்டு ஆம்பிளைகள் முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று பல்லைக் கடித்து உட்கார்ந்திருக்கிறார், கம்பெனியின் சீட்டு கம்பெனியின் இயக்குநரை வறுக்கிறது, அவர் தன் உடம்பைத் திட்டிக்கொள்கிறார், நான் என் கண்ணைத் திட்டிக்கொள்கிறேன், பின்னால் ஒருவன் மிட்டாய் கடிக்கிறான். மூன்றாம் தடவை. டிங். அணைந்ததா? அணைந்திருக்க வேண்டும். அம்மா ஜன்னலை ஏற்றினார். அப்படியென்றால் பெட்ரோல் ஒரு வரி கீழே, ரத்து மூலையிலேயேதான் இருக்கும், மூலையில் இருப்பதைத் தள்ள யாரும் இல்லை, ஊன்று, நீட்டு, தொடு... "அருகிலுள்ள பெட்ரோல் நிலையங்கள்," என்றது குரல். அந்தக் குரலுக்குக் கோயில் கட்டலாம். பிறகு ரத்து. டிங். கொட்டகைக்குத் திரும்பும் வழி முழுக்க விரல்தான் யோசித்தது, இப்போது எங்கே, அடுத்தது எங்கே, கட்டைவிரல் நழுவிற்றா, நழுவவில்லை.

கொட்டகையில் வண்டியை நிறுத்தினார். கேமராக்காரன் லேப்டாப்பை வண்டியின் முன்மூடிமேல் வைத்தான், பார்த்தான், மறுபடி பார்த்தான். மாட்டிக்கொண்டோம், என்று நினைத்தார் குமிழ் அண்ணன், சரி, வரட்டும், அந்த நாற்காலிக்கு ஒரு மெத்தை வாங்கிக்கொள்ளலாம்.

"அண்ணே, நீங்க மனுஷனே இல்ல," என்றான் கேமராக்காரன். "திரைப் பக்கம் ஒரு தடவைகூடக் கண்ணு போகல. சுத்தமா சைபர். காலையில உங்க குமிழுக்குத்தான் எட்டி எட்டிப் பார்த்திருக்கீங்க!"

இயக்குநர் அம்மா முதல்முறையாகச் சிரித்தார். "குமிழ்க் கட்சித் தலைவரே திரைக்கு ஓட்டுப் போட்டுட்டார். அப்புறம் என்ன? அடுத்த வருஷ வண்டிக்குத் திரை. குமிழை எடுத்துடலாம்."

அவருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, வெட்கமில்லாமல் வந்தது, தப்பித்தோம், கண் தப்பித்தது, சீட் தப்பித்தது... அப்புறம்தான் சந்தோஷத்துக்குப் பின்னாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு மற்றது வந்தது. சைபர். இந்தச் சைபரை நம்பி ஆயிரம் ஆயிரம் பேர் மழையில் திரையைத் தேடப் போகிறார்கள், அவர்களில் யார் கொட்டகையில் கண்ணை மூடிப் பயின்றவர்கள்? சட்டைப் பையில் போன் அதிர்ந்தது, வீட்டுக்காரி. "ஏங்க, எங்க ஆபீஸ்ல அடுத்த வருஷம் புது வண்டி, உங்க டாஷ்போர்டு போட்டதுதானாம். குமிழ் இருக்கும்ல? எங்க வீட்டுக்காரர் விட மாட்டார்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்." ம், என்றார். "என்ன ம்? சாப்பிட்டீங்களா இல்லையா?" ம், என்றார். இப்போது சொல்லிவிடலாம், மேடம், நான் பார்க்காததுக்குக் காரணம் பார்க்க முடியாதது என்று ஒரே வரி, சொன்னால் குமிழ் பிழைக்கும், அவள் பிழைப்பாள், இவருக்கு நாற்காலி. சொல்லாவிட்டால்... வாயைத் திறந்தார்.

"வாங்கண்ணே, உங்க மூஞ்சியைப் பாருங்க, ஃப்ரேம் போட்டு மாட்டலாம்," என்று கேமராக்காரன் படத்தை ஓடவிட்டான். கைக்கெட்டுகிற தூரத்தில் எல்லாமே கலங்கல்தான், குமிழ் அண்ணன் சும்மா பின்னால் நகர்ந்து நின்றார், நகர்ந்ததும் தெளிந்தது. தன் முகம். அகலத் திறந்த இரண்டு கண்கள், ஆடாமல் அசையாமல், அப்படி ஒரு கவனம். பெட்ரோல் நிலையங்கள் என்று குரல் சொல்கிறது, நெற்றி தளர்கிறது, விரல் மூலைக்குப் போகிறது, ரத்து, டிங், அந்த நேரம் படத்தின் ஓரத்தில் ஒரு கை சட்டென்று மேலே போய்க் கதவுக்கு மேலிருக்கும் கைப்பிடியை இறுகப் பற்றுகிறது. இயக்குநர் அம்மாவின் கை. விரல் கணுக்கள் வெளுத்துத் தெரிகின்றன. வண்டி அப்படியே போகிறது. கை மெல்ல இறங்குகிறது. ஏன் பிடித்தார்? சூடா? சூடு அதற்கு முன்பே அணைந்துவிட்டதே, ஜன்னலைக்கூட ஏற்றிவிட்டாரே. அப்படியென்றால் முன்னால் ஏதோ வந்திருக்கிறது. என்ன வந்தது? அது எந்த இடம், சிக்னல் இருந்ததா, பச்சையா, சிவப்பா, யாராவது குடையோடு குறுக்கே... அவர் தேடினார். புறப்பட்டதில் இருந்து வந்து நின்றது வரை மொத்தத் தெருவையும் கிண்டிக் கிளறித் தேடினார். ஒரு மரம் இல்லை, ஒரு கடை இல்லை, ஒரு ஆள் இல்லை. விளிம்பும் சாணும் விரற்கடையும்தான் இருந்தன.

பயத்தில் குரல் அவரைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது. "மேடம்... நீங்க கைப்பிடியைப் பிடிச்ச இடத்துல நமக்கு முன்னாடி என்ன வந்துச்சு?"

இயக்குநர் அம்மா கைப்பையை மூடப் போனவர் அப்படியே நின்றார். அவரை நிதானமாக, மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"என்னையா கேக்குறீங்க?" என்றார். "நீங்கதானே கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டே இருந்தீங்க?"