புதுப் பிரஷ்

ஹெப்பகோடியில், காலையில் கூலியாட்கள் நிற்கும் இடத்தில் யாரும் யாரிடமும் தொழிலைக் கேட்பதில்லை. கையில் இருப்பதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். கரண்டி இருந்தால் கொத்தனார். பிரஷ் இருந்தால் பெயிண்டர். வெறுங்கை என்றால் மண் சுமக்கிறவன். உத்தமனைப்போல் ஒடிசலானவன் என்றால் அதற்கும் கூப்பிட மாட்டார்கள்.

வெறுங்கையோடு நின்று நின்று அலுத்துப்போய், அந்தச் சனிக்கிழமை அவன் ஒரு பிரஷ் வாங்கிக்கொண்டு வந்தான். பெயிண்டர் இளங்கோவன் அதைப் பார்த்ததும் வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

“யோவ் உத்தமா, என்னய்யா இது, கல்யாணப் பொண்ணு மாதிரி மினுக்குது? இதப் பாத்து எவன்யா உன்னப் பெயிண்டர்னு நம்புவான்?”

சொன்னவனே தன் பையிலிருந்த டப்பாவைத் திறந்து, பிரஷ்ஷின் நுனியைப் பச்சை பெயிண்டில் தோய்த்து, கைப்பிடியிலும் நாலு சொட்டுத் தெளித்துக் கொடுத்தான். “இப்பப் பாரு. பத்து வருஷ சர்வீஸ்!”

பக்கத்தில் நின்ற கன்னடக்காரன் கிரண், “அண்ணா, அப்டியே எனக்கும் ஒரு மேஸ்திரிய பெயிண்ட் பண்ணிக் குடு குரு” என்றான்.

“நீ ரோஷக்காரன். மேஸ்திரி திட்டினான்னு நீயா நின்னுட்ட. நாளைக்கே வேற மேஸ்திரி வருவான். இதோ நிக்கிற தினேஷ் கட்டிக்கிட்டிருந்த பில்டிங்ல வீடு விக்கல, பில்டர் ஓடிட்டான். வீடு வித்தா இவனக் கூப்பிடுவான். எனக்கு மழ. மழ விட்டா வேல வந்துரும்.” இளங்கோவன் உத்தமன் பக்கம் திரும்பினான். “உனக்கு எது விட்டாய்யா வேல வரும்?”

கேலியாகத்தான் கேட்டான். உத்தமன் கையிலிருந்த பிரஷ்ஷைத் திருப்பிப் பார்த்தான்.

எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் அவனுக்குக் கண்தான் வேலை. சர்க்யூட் தகடுகளை லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்ன சிவப்பு அம்பு ஒட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்த வேலை. கடைசியில் தலைக்கு மேல் ஒரு கேமரா வைத்தார்கள். அவன் அம்பு ஒட்டிய ஒவ்வொரு தகட்டையும் அது படம் பிடித்தது. கணக்குக்காக என்றார்கள். எது குறை என்று அது அவன் விரலைப் பார்த்தே கற்றுக்கொண்டது. பிறகு அவனுடைய காண்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. வேறு எந்த ஃபேக்டரி கேட்டுக்குப் போனாலும், அந்த வேலைக்கு இப்போது ஆளே எடுப்பதில்லை என்றார்கள்.

அவனுக்கு வேலை கிடைக்காவிட்டால், இரண்டாம் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, படிக்கும் மகள் ரக்ஷிதா திங்கட்கிழமை முதல் கார்மென்ட்ஸுக்குத் தையல் வேலைக்குப் போவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. யார் முடிவு செய்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் சாப்பிடும்போது அந்தப் பேச்சு தட்டுகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை.

காண்ட்ராக்டர் ஓஸ்வால்டின் ஸ்கூட்டர் வந்து நின்றது. “ஒரு பெயிண்டர் வேணும். ஃபிளாட்டுக்கு உள்ள வேலை. நல்லா செஞ்சா இந்த பில்டிங் முழுக்க இருக்கு.”

இளங்கோவன் முன்னால் வந்தான். வரும்போதே இருமல் பிடித்துக்கொண்டது.

“நீங்க வேணாண்ணா. இருமிக்கிட்டே ஏணியிலேருந்து விழுந்தா யார் பதில் சொல்றது?” ஓஸ்வால்டின் கண் பச்சைக் கறை படிந்த பிரஷ்ஷில் நின்றது. “நீ வாப்பா.”

நான் பெயிண்டர் இல்லை என்று சொல்ல உத்தமன் வாயைத் திறந்தான். ரக்ஷிதாவின் முகம் வந்து அடைத்துக்கொண்டது. இளங்கோவன் அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

“போய்யா. பொண்ணு படிக்கட்டும். நம்மளுது மழதான, விட்டுரும்.”

மழை எப்போதோ விட்டிருந்தது; வானம் விடியும்போதே வெளுத்திருந்தது.

ஃபிளாட்டில் பட்டி மாவு பூசிய வெள்ளைச் சுவர் அவனுக்காகக் காத்திருந்தது. பெயிண்டைத் தொடுவதற்கு முன் சும்மா ஒருமுறை முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். ஊசி முனை அளவு ஒரு ஓட்டை. கீழே கிடந்த பென்சிலை எடுத்து அதைச் சுற்றி வட்டம் போட்டான். பக்கத்தில் மயிரிழை விரிசல். அதற்கும் ஒன்று. குறையோடு ஒரு தகட்டைக்கூட அவன் கை அனுப்பியதில்லை. கை பழகிய வழியில் போய்க்கொண்டே இருந்தது. அத்தனை நாளுக்குப் பிறகு அவனுக்கு மூச்சு சீராக வந்தது; சந்தோஷமாகக்கூட இருந்தது.

மதியம் ஓஸ்வால்ட் வந்தபோது சுவர் முழுக்க வட்டங்கள். பெயிண்ட் டப்பாவின் மூடி திறக்கவே இல்லை.

“என்னப்பா இது, செவுத்துக்குப் பொட்டு வச்சிருக்க?”

“இங்கெல்லாம் குறை இருக்கு சார்.”

“இருந்தா பட்டி வச்சுத் தேய்.”

உத்தமன் நின்றான். காட்டுவது மட்டும்தான் அவன் வேலையாக இருந்தது. சரி செய்ய ஃபேக்டரியில் வேறு ஆள் இருந்தார்கள்.

ஓஸ்வால்ட் பிரஷ்ஷை வாங்கி மயிரை விரித்துப் பார்த்தார். நுனியில்தான் பச்சை, உள்ளே புத்தம் புதுசு. அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “காலைலயே சொல்லியிருந்தா அந்த அண்ணனையே கூட்டிட்டு வந்திருப்பேனேப்பா” என்றார். “அவருக்கும் ஒருநாள் போச்சு.”

திரும்பி வந்து பார்த்தபோது, ஆட்கள் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. இளங்கோவன் உட்காரும் கல்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டில் மனைவி அனந்தலக்ஷ்மி பிரஷ்ஷைத்தான் முதலில் பார்த்தாள். “பெயிண்ட் வேல கெடச்சுதா?” அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து உத்தமன் செருப்பைக் கழற்றக் குனிந்துகொண்டான். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவள் சமையலுக்குத் திரும்பினாள்.

ரக்ஷிதா பிரஷ்ஷைக் கழுவுவதற்காக வாங்கிக்கொண்டாள். வாசலில் குந்தி, விரலால் மயிரை விரித்தவள் அப்படியே நிறுத்தினாள். பிறகு அப்பாவின் நகங்களைப் பார்த்தாள். பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. பென்சில் கரி மட்டும்.

அம்மாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

“அப்பா, கார்மென்ட்ஸ் வேன் நம்ம தெரு முனைக்கே வருதாம்பா. நடக்கவே வேணாமாம்.”

உள்ளே அரிசி களையும் சத்தம் கேட்டது. அனந்தலக்ஷ்மி அன்று ஒரு பிடி கூடுதலாகவே போட்டிருந்தாள்.