மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம்

“கொஞ்சம் பெருசாக்கு” என்றாள் அம்மா. அவன் இரண்டு விரலால் படத்தை விரித்துக் காட்டினான்.

காலையில் பழைய கடைவீதி முழுக்க நடந்து எடுத்த படங்கள் அவை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்த பிறகு, அம்மா வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றைத்தான். கடைவீதியை ஒரு தடவை பார்க்க வேண்டும். மூச்சுவிடவே திணறுகிறவளைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் அவன் போனைத் தூக்கிக்கொண்டு போனான். பேருந்து நிறுத்தத்திலிருந்து அவள் தினமும் நடந்த வழியில், அதே வரிசையில் எடுத்திருந்தான்.

படுத்தபடியே அம்மா கடைவீதிக்குள் போனாள். தராசுக்கடை. துணிச் சந்து முனையில் கைவண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம். குடை ரிப்பேர்க்காரர் தலைக்கு மேலே கட்டியிருந்த கிழிந்த குடையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். “இன்னும் அவரு குடைய அவரு தைக்கலியா?” சிரிப்பு இருமலாகி, அக்கா ஓடி வந்து முதுகைத் தடவிவிட்டாள். தம்பியை ஒரு முறை முறைத்தாள். அவனுக்கோ உச்சி குளிர்ந்துபோயிருந்தது. அம்மா சிரித்து எத்தனை நாளாயிற்று.

அடுத்த படத்துக்காகத்தான் அவன் போனதே. பூட்டுக்கடை மாடிப்படிக்குக் கீழே, அம்மா பட்டனும் ஊசிநூலும் ஜிப்பும் விரித்து உட்கார்ந்திருந்த இடம். அக்காவும் அவனும் வளர்ந்து ஆளானது அந்த இடத்தால்தான். படுக்கையில் விழுந்ததிலிருந்து அம்மா அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், அப்படியே இருக்கிறது, நீ எழுந்து வந்தால் போதும் என்று பூசி மெழுகி வந்தான். உண்மையில் அங்கே இப்போது சாக்ஸ் விற்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காலையில் விஷயத்தைச் சொன்னதும் அவளே சரக்கை அள்ளிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பூட்டுக்கடைக்காரர் தரையைக் கூட்டிக் கொடுத்தார்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். பிறகு படத்தின் ஒரு மூலையில் நகத்தை வைத்தாள்.

“இது யாரோட சாக்ஸு?”

குழந்தை போடுகிற ஒற்றைச் சாக்ஸ் ஒன்று படிக்கு அடியில் கிடந்தது. எடுக்கும்போது அவன் அதைக் கவனிக்கவே இல்லை. யாராவது வழியில் போனவர்கள் தவறவிட்டிருப்பார்கள் என்று இழுத்தான்.

“உக்காந்திருந்தவள எழுப்பி விட்டுட்டு எடுத்தியாடா?”

அவன் அடுத்த படத்துக்குத் தள்ளப் பார்த்தான்.

“வியாபார நேரத்துல.” அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “போ. அவள உக்கார வச்சு எடுத்துட்டு வா. மொகம் தெரியணும்.”

நாளைக்குப் போகிறேன் என்றான். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் அவனுக்கு இன்றைக்கும் சோறு இறங்காது. செருப்பை மாட்டினான். அக்கா வாசல்வரை வந்து, சீக்கிரம் வந்துவிடு என்று மட்டும் சொன்னாள்.

இந்தத் தடவை தராசையும் குடையையும் அவன் பார்க்கவில்லை. கூட்டத்தில் இடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். இப்போது அவளையே படமெடுக்க வந்திருப்பதாகச் சொன்னதும் சாக்ஸ்காரிக்கு வெட்கம் வந்துவிட்டது. ஜோடிகளை நேராக அடுக்கினாள், தலையைக் கோதிக்கொண்டாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள். படியின் நிழல் அவள் முகத்தில் விழுந்தது. கொஞ்சம் முன்னால் வரச் சொன்னான்.

போன் அதிர்ந்தது. திரையில் அவள் முகத்தை மறைத்துக்கொண்டு ‘அக்கா’ என்று வந்தது.

காதில் வைத்தான். “தம்பி” என்றாள் அக்கா. அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அழுகைதான் கேட்டது. அம்மா கூடவே இருந்திருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை இறக்கினான்.

சாக்ஸ்காரி உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தாள். வாடிக்கையாளர் ஒருவர் வந்து விலை கேட்டதற்குக்கூடத் திரும்பவில்லை. சிரித்த முகம் கலைந்துவிடாமல் அவனுக்காகக் காத்திருந்தாள். அவன் போனை மறுபடியும் உயர்த்தி, படத்தை எடுத்தான்.

“மொகம் தெரியுதாண்ணே?” என்று கேட்டாள். “அம்மாகிட்ட காட்டணும்ல.”

“தெரியுது” என்றான்.

அவளும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வசதியாகப் போனைத் தாழ்த்திப் பிடித்து, இரண்டு விரலால் படத்தை விரித்துக் காட்டினான்.